தூக்கத்துக்குப் பொய்க் கணக்கு

மாப்பிள்ளைப் பையன் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

தண்டையார்பேட்டையில் என் நண்பன் வீட்டு ஹால். பெண் வீட்டிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியாயிற்று, கேசரி சாப்பிட்டாயிற்று, மண்டபம் எந்தப் பக்கம் பார்க்கலாம் என்கிற வரைக்கும் பேச்சு வளர்ந்தாயிற்று. திரும்பிப் பார்த்தால் கதாநாயகன் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். நண்பன் அவசரமாக மகன் தொடையில் தட்டினான். "ஷிப்லேருந்து எறங்கி நாலு நாள்தான் ஆகுது. இன்னும் அவனுக்கு ராத்திரி பகல் சரியாகலை" என்று சமாளித்தான். பெண்ணின் பெரியப்பா பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"அதனாலென்ன? ஜாலியான உத்தியோகம். தண்ணியில மிதந்துக்கிட்டே சம்பளம், ஊர் ஊரா சுத்தலாம். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

பையன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அந்தப் பெரியப்பா சொன்ன அதே வசனத்தை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், ஐந்து வருடம் முன்னால் என் நண்பனிடம் சொன்னவன் நான்தான். "மெர்ச்சன்ட் நேவியா? கண்ணை மூடிக்கிட்டுச் சேர்த்துடுப்பா." நானும் அவனும் ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்து பி.காம். படித்தவர்கள். பத்திரிகைக்காரன் சொன்னால் நாலும் விசாரித்துத்தான் சொல்வான் என்று நம்பினான், பாவம். நான் ஒன்றையும் விசாரிக்கவில்லை.

பெண் வீட்டார் போன பிறகு மொட்டை மாடிக்குப் போனோம். காசிமேட்டுப் பக்கம் கடலில், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன. கரையில் நின்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அங்கேதான் பையன் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். "அங்கிள், நீங்க கணக்கு படிச்சவர்தானே, இதைப் பாருங்க."

கட்டம் கட்டமாக ஒரு தாள். மேலே தேதிகள், பக்கத்தில் மணிகள். வேலை செய்த நேரம் கறுப்பு, ஓய்வெடுத்த நேரம் வெள்ளை. மாதக் கடைசியில் மாலுமியும் கேப்டன் சார்பில் ஒருவரும் கையெழுத்துப் போட்ட ஓய்வு நேரப் பதிவேடு. ஒரு நாள்கூட விதி மீறவில்லை. தினமும் பத்து மணி, பத்தரை மணி, பதினோரு மணி நேர ஓய்வு. அவ்வளவு சுத்தம்.

எங்களுக்கு ஆடிட்டிங் எடுத்த பேராசிரியர் ஒன்று சொல்வார்: ஒரு பைசா பிசகாமல் டாலியாகிற கேஷ் புக்கைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுங்கள், அப்புறம் பாராட்டுங்கள் என்று.

"இதுல எது நிஜம்?" என்று கேட்டேன்.

"கையெழுத்து மட்டும் நிஜம் அங்கிள்."

அவன் சொன்ன ஒரு நாளைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு ஜாலியான உத்தியோகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பையன் ஒரு பல்க் கேரியரில் ஓ.எஸ். அதாவது ஆர்டினரி சீமன், டெக்கில் கடைசிப் படி. நிலக்கரியை ஒரு துறைமுகத்தில் இறக்கியாயிற்று. அடுத்த துறைமுகத்தில் கோதுமை ஏற்ற வேண்டும். நிலக்கரி கிடந்த இடத்தில் கோதுமையைக் கொட்டுவதென்றால் அந்த ஹோல்டு சமையல் பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு ஹோல்டும் ஐந்தாறு மாடி ஆழம். கடல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் மறுபடி கழுவி, அடியில் தேங்கியதை வாரி எடுத்து, காயவைத்துக் கொடுக்க வேண்டும். கரையிலிருந்து சர்வேயர் வந்து பார்த்து, 'சுத்தம் போதாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. கப்பலை வாடகைக்கு எடுத்தவன் அந்த நேரத்துக்கு வாடகை தரமாட்டான். ஆபீஸிலிருந்து கேப்டனுக்கு, கேப்டனிடமிருந்து சீஃப் ஆபீசருக்கு, அங்கிருந்து போசனுக்கு, போசனிடமிருந்து நம் பையனுக்கு என்று அந்த மிரட்டல் படிப்படியாக இறங்கி வரும்.

விடியற்காலை 4 மணிக்கு வாட்ச். இருட்டில் பிரிட்ஜில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு தெரிகிறதா, மீன்பிடிப் படகு வருகிறதா. 8 மணிக்கு விடுதலை. டிபன். 9 மணிக்கு ஹோல்டுக்குள் இறங்கினால் 12 வரை. சாப்பாடு. மறுபடி 1 முதல் 3 வரை ஹோல்டு. குளித்து நிலக்கரித் தூளை மூக்கிலிருந்து எடுக்கவே முக்கால் மணி நேரம். 4 மணிக்கு மறுபடி வாட்ச், இரவு 8 வரை. சாப்பிட்டுப் படுத்தால் பத்தரைக்குக் கதவு தட்டல். பைலட் வருகிறார், ஏணி கட்டு. பிறகு கப்பலின் மூக்கில் போய் நின்று, மொத்தமான கயிறுகளை இழுத்துக் கரையில் கட்டி முடிக்கும்போது ராத்திரி இரண்டரை. இழுவையில் இருக்கும் அந்தக் கயிறு அறுந்து திருப்பி அடித்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம். அந்த இடத்தில் நிற்பவனுக்குத்தான் கண் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்தால், 4 மணிக்கு மறுபடி டியூட்டி.

கூட்டிப் பாருங்கள். 17 மணி நேர வேலை. மிச்சம் 7 மணி நேரம், அதுவும் ஐந்து துண்டாக. அதில் மிகப் பெரிய துண்டு இரண்டரை மணி.

பதிவேட்டில் அந்த நாள் எப்படி இருக்கிறது தெரியுமா? காலை 8 முதல் மாலை 4 வரை பளிச்சென்று வெள்ளை. எட்டு மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்கியிருக்கிறான் மகராசன்!

"அந்த அஞ்சு மணி நேரம் ஹோல்டுல இருந்ததை யார் எடுத்தாங்க?"

"நானேதான் அங்கிள். முதல்ல நெஜத்தை எழுதினேன். கம்ப்யூட்டர்ல செகப்பு காட்டிச்சு. செகப்பு இருந்தா ஆபீஸ்லேருந்து ஏன்னு கேட்டு மெயில் வரும், பதில் எழுதணும். 'சரி பண்ணிட்டு வா'ன்னாங்க. சரி பண்ணிட்டேன்."

சரி பண்ணுவது! எவ்வளவு நாசூக்கான வார்த்தை பாருங்கள். வேலை நேரத்தைச் சரி பண்ணவில்லை, ஆளைக் கூட்டவில்லை, தாளைச் சரி பண்ணிவிட்டார்கள். அதையும் யார் கையால்? எவனுடைய தூக்கம் பறிபோனதோ அவன் கையாலேயே. பிக்பாக்கெட் அடித்துவிட்டு, 'என் பர்ஸ் பத்திரமாக இருக்கிறது' என்று எழுதி வாங்கிக்கொண்டு போகிற திருடனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

விதி என்ன சொல்கிறது? எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. அதை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஏழு நாளில் 77 மணி நேரம். ஜெனீவாவில் 2006-ல் நிறைவேறி, 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இது இருக்கிறது. இந்தியா 2015-ல் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தது.

நான் காமர்ஸ்காரன், கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. வாரத்துக்கு 168 மணி நேரம். 77 போனால் மீதி 91. ஆக, ஓய்வு விதியின்படி பார்த்தால் வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் குற்றமில்லை. 2025 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர், வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசியதும் நாடே கொதித்ததே, ஞாபகம் இருக்கிறதா? சினிமா நட்சத்திரத்திலிருந்து டீக்கடை வரை ஆளாளுக்குக் கிழித்தார்கள். கப்பலில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே விதி இடம் கொடுத்திருக்கிறது. ஒருத்தரும் கொதிக்கவில்லை. இத்தனை தாராளமான விதியையே தாண்டித்தான் பொய் எழுத வேண்டியிருக்கிறது என்றால், நிஜம் எங்கே நிற்கிறது என்று யோசியுங்கள்.

'உன் நண்பன் மகன் ஒருத்தன் சொன்னதை வைத்து உலகத்தையே குற்றம் சொல்கிறாயா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுவீடனில் மால்மோ என்ற ஊரில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐ.நா.வின் கடல்சார் அமைப்பே 1983-ல் ஆரம்பித்தது. அவர்கள் 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வுப் பதிவேட்டைத் திருத்துவது ஏதோ நாலு கப்பலில் நடக்கும் தப்பு அல்ல, தொழிலின் பழக்கமாகவே ஆகிவிட்டது என்றார்கள். 2024-ல் அடுத்த ஆய்வு. 9,000 மாலுமிகளுக்கு மேல் கேட்டார்கள். சராசரி வேலை நேரம் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 75 மணி. முக்கால்வாசிப் பேருக்கும் அதிகமானவர்களுக்கு ஒப்பந்தக் காலம் முழுக்க ஒரு முழு நாள்கூட லீவு இல்லை. பத்தில் ஆறு பேருக்கு மேல், பதிவேட்டைத் திருத்துகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்களே இத்தனை பேர்!

இந்த இடத்தில் சில கப்பல் கம்பெனிக்காரர்கள் தொண்டையைக் கனைப்பது எனக்குக் கேட்கிறது. கடல் வேலை என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், புயல் ஆபீஸ் நேரம் பார்த்தா வரும் என்பார்கள். புயலுக்கு, தீ விபத்துக்கு, ஆபத்துக்கு விதியே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஹோல்டு கழுவுவது புயல் அல்ல. அது எத்தனை மணி நேர வேலை, எத்தனை ஆள் வேண்டும் என்று கப்பல் கிளம்பும்போதே ஆபீஸுக்குத் தெரியும்.

தூக்கம் கெட்டால் அந்தப் பையனுக்கு மட்டுமா கஷ்டம்? 1989 மார்ச் 24. அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் ஏறி நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெயில் குளித்த பறவைகளின் படத்தை இன்றும் பாடப் புத்தகத்தில் போடுகிறார்கள். அந்தக் கேப்டன் குடித்திருந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம். விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேப்டனை விடவில்லை. ஆனால் கப்பலைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாத மூன்றாம் அதிகாரியின் களைப்பையும், அளவுக்கு மீறிய வேலையையும், போதுமான, ஓய்வெடுத்த ஆட்களைக் கொடுக்காத கம்பெனியின் தப்பையும் சேர்த்தே எழுதியது. குடிகாரக் கேப்டன் தலைப்புச் செய்தி ஆனார். தூக்கமில்லாத பையன் ஆகவில்லை.

இன்னொன்று. 2010 ஏப்ரல் 3, ஆஸ்திரேலியா. ஷென் நெங் 1 என்ற கப்பல் நிலக்கரியோடு கிளம்பி, உலகப் புகழ் பெற்ற பெருந்தடுப்புப் பவளத்திட்டில் போய் ஏறியது. பவளப்பாறை நாசம். கப்பலை வளைக்க வேண்டிய இடத்தில் வளைக்கத் தவறிய முதன்மை அதிகாரி, அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம். இது அந்த நாட்டு விசாரணை அறிக்கையில் இருக்கும் கணக்கு. மொட்டை மாடியில் பையன் சொன்ன அதே இரண்டரை.

சரி, டியூட்டியில்தான் இப்படி. டியூட்டி முடிந்தால்?

'ஊர் ஊரா சுத்தலாம்' என்றாரே பெரியப்பா. பையன் மூன்று ஒப்பந்தங்களில் 14 நாடுகளுக்குப் போயிருக்கிறான். கால் தரையில் பட்டது நாலு நாடுகளில். அதிலும் ஒரு நாட்டில் பல் வலிக்காக டாக்டரிடம் போனதுதான். மற்ற பத்து நாடுகளும் அவனுக்கு கிரேன்தான். "எல்லா ஊர் கிரேனும் ஒரே மாதிரிதான் அங்கிள் இருக்கும். பெயின்ட் மட்டும் மாறும்."

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்கும். மாலுமி ஊர் சுற்றினான், கதை சொன்னான். இன்றைக்கு கன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. அந்த நேரத்திலும் பாதி டியூட்டி. கேங்வேயில் நின்று வருகிறவர் போகிறவர் பெயர் எழுத வேண்டும். அமெரிக்காவில் 2001 தாக்குதலுக்குப் பிறகு, 2004 ஜூலையில் துறைமுகப் பாதுகாப்புக்குப் புதிய உலக விதிகள் வந்தன. பயங்கரவாதியைத் தடுக்கப் போட்ட வேலி முதலில் தடுத்தது மாலுமியைத்தான். விசா இல்லையா, இறங்காதே. விசா இருக்கிறதா, கேட் ஐந்து கிலோமீட்டர், நடந்து போகக் கூடாது, வண்டிக்குக் காசு கொடு. கரைக்குப் போவது மாலுமியின் உரிமை என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற கப்பல் மின்சாரம் போய்ப் பாலத்தில் மோதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலத்தில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். கப்பலிலிருந்து அபாயச் செய்தி போனதால்தான் போலீஸ் சரியான நேரத்தில் வண்டிகளை நிறுத்தியது, இன்னும் பல உயிர்கள் தப்பின. கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கைக்காரர். முதல் நாள் அந்த அபாயச் செய்தியைப் பாராட்டினார்கள். பிறகு? ஏறக்குறைய மூன்று மாதம் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை. விசாரணைக்காக போன்களை வாங்கிக்கொண்டு போனார்கள். மே 13 அன்று, கப்பலின் மேல் விழுந்து கிடந்த பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போதும் அவர்கள் கப்பலுக்குள்தான் இருந்தார்கள். தலைக்கு மேல் வெடி, உள்ளே ஆட்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு விமானம் மோதி அதன் பைலட்டையும் ஏர்ஹோஸ்டஸையும் உள்ளேயே வைத்து இறக்கையை வெடிவைத்து எடுப்பார்களா? மாலுமி என்றால் கப்பலின் ஒரு பாகம். நட்டு, போல்ட்டு, மாலுமி.

கொரோனா சமயத்திலும் இதே கதைதான். ஒப்பந்தம் முடிந்தும் இறங்க விடாமல் 2020-ல் சுமார் நாலு லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே கிடந்தார்கள். நாம் வீட்டில் உட்கார்ந்து கைதட்டினோம். டாக்டருக்குத் தட்டினோம், நர்ஸுக்குத் தட்டினோம். நமக்குச் சமையல் எண்ணெயும் பெட்ரோலும் வந்த கப்பலில் ஆள் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். பத்திரிகை அச்சடிக்கிற காகிதத்திலேயே கணிசமான பகுதி நம் நாட்டுக்குக் கப்பலில் வருகிறது, அதன் மேலேதான் நான் எழுதிப் பிழைக்கிறேன்.

'சம்பளம் வாங்குகிறான் இல்லையா?' என்பதுதான் கடைசி அஸ்திரம். அதையும் பார்த்துவிடுவோம், என் பாடம் அதுதானே. பையனுக்குக் கையில் வருவது மாதம் ஐம்பதாயிரம் பக்கம். ஒன்பது மாதம் கப்பல், ஆக நாலரை லட்சம். இறங்கிய நாளோடு சம்பளம் நின்றுவிடும். அடுத்த கப்பலுக்குக் கூப்பிடும்வரை நாலு, ஐந்து மாதம் வீட்டில் சும்மா. பதின்மூன்றரை மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 33,000 ரூபாய். கப்பலில் இருக்கும்போது மணிக்கு எவ்வளவு? வாரம் 75 மணி என்று வைத்தால் சுமார் 155 ரூபாய். இதற்கு முதலீடு என்ன? ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படிப்புக்கு ஃபீஸ் தனி. முதல் கப்பல் ஏற்றிவிட ஒரு ஏஜென்ட்டுக்கு என் நண்பன் கொடுத்தது மூன்று லட்சம்.

"ரசீது கொடுத்தாங்களா?" என்று கேட்டேன். வங்கியில் வேலை பார்க்கிறவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வேலை வாங்கிக் கொடுப்பதற்காக மாலுமியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ், இவ்வளவுதான் அவன் செலவு. உலக உடன்படிக்கையும் அப்படித்தான், நம் அரசாங்கத்தின் 2016-ஆம் வருட விதிகளும் அப்படித்தான். லைசென்ஸ் பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலை மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பணத்தைத் தூக்கிக் கொடுத்தது அவன் தப்பு. பார்க்கச் சொல்லாதது என் தப்பு. லைசென்ஸ் இல்லாதவன் ஏற்றிவிட்ட ஓட்டைக் கப்பலை முதலாளி நடுக்கடலில் கைகழுவிவிட்டால் சாப்பாடு, சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்க வேண்டியதுதான். 2024-ல் அப்படிக் கைவிடப்பட்ட மாலுமிகள் 3,000 பேருக்கு மேல். எந்த நாட்டுக்காரர்கள் அதிகம்? நாம்தான். முதலிடம்.

அந்த மூன்று லட்சத்துக்கும் பொய்க் கணக்குக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிப் பாரேன்" என்றேன், கரையில் நின்று வீரம் பேசுவது சுலபம்தானே. பையன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "சொல்லலாம் அங்கிள். அந்த கான்ட்ராக்ட் நல்லபடியா முடியும். அடுத்த தடவை போன் வராது." கடன் வாங்கிக் கப்பல் ஏறியவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவான். அது ஏஜென்ட்டுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். இரண்டு ஆள் கூடப் போடுங்கள். ஒரு ஏபிள் சீமனுக்கு உலகத் தொழிலாளர் அமைப்பு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 690 டாலர். இரண்டு பேருக்கு 1,380. படி, ஓவர்டைம், சாப்பாடு, டிக்கெட் என்று அதை மூன்று மடங்காக்கினாலும் 4,140 டாலர். ஒரு நடுத்தர பல்க் கேரியரின் ஒரு நாள் வாடகையே பல ஆயிரம் டாலர். முப்பது நாள் வாடகையில் ஒரு நாளைக்கூடத் தர மனசில்லாததால் அங்கே ஒருவன் தூங்காமல் நிற்கிறான். கப்பலுக்கு ஒரு நாட்டுக் கொடி, முதலாளி வேறு நாடு, நிர்வாகம் இன்னொரு நாடு. குறைந்தபட்சம் எத்தனை ஆள் என்று எழுதிக் கொடுப்பது கொடி கொடுக்கிற நாடு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று கொடி வியாபாரமே நடக்கிறது. கடுமையாக ஆள் கணக்குக் கேட்கிற கொடியிடம் எந்த முதலாளி போவான்?

ஆனால் துறைமுகம் நம்முடையது. சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ எண்ணூருக்கோ வருகிற எந்தக் கொடிக் கப்பலிலும் ஏறிச் சோதனை போட நம் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஏறுகிறார்கள், ஓய்வுப் பதிவேட்டைக் கேட்கிறார்கள், எல்லாம் வெள்ளை, திருப்திகரம் என்று இறங்குகிறார்கள். ஐயா, அதை மட்டும் பார்த்தால் எப்படி? வவுச்சரைப் பாருங்கள்! பைலட் எத்தனை மணிக்கு ஏறினார், முதல் கயிறு எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்பது லாக் புக்கில் இருக்கிறது. எந்த நாள் எந்த ஹோல்டைக் கழுவினார்கள் என்பது சீஃப் ஆபீசரின் வேலைப் புத்தகத்தில் இருக்கிறது. ஓவர்டைம் தாள் தனியாக இருக்கிறது. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஹோல்டில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவன் அதே நேரத்தில் படுக்கையிலும் இருந்தது தெரிந்துவிடும். முதல் வருட பி.காம். பையன் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்தால் கப்பலை நிறுத்தி வையுங்கள். பொய் எழுதியதற்குப் பையனைப் பிடிக்காதீர்கள், அவனைப் பொய் எழுத வைத்த கம்பெனியின் கப்பலை நிறுத்துங்கள். ஒரு நாள் நின்றால் எத்தனை ஆயிரம் டாலர் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் இருக்கும் நாட்களைப் பற்றி எழுதவில்லையே என்று தோன்றுகிறது. எழுத அதிகம் இல்லை. தூங்குகிறான். மூன்று மணிக்குத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து கதவைத் திறந்தாலே 'யெஸ் சார்' என்று எழுந்து நின்றானாம், அதைச் சொல்லி அந்த அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். போன் மணி அடித்தால் மட்டும் முகம் மாறுகிறது. வராவிட்டால் கடன், வந்தால் கப்பல்.

நான் இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றதும் நண்பன் கையைப் பிடித்துக்கொண்டான். "எழுது. ஆனா பையன் பேரு, கப்பல் பேரு, கம்பெனி பேரு ஒண்ணும் வேணாம். ஏஜென்ட் பேருகூட வேணாம்ப்பா. அடுத்த மாசம் ஜாயினிங் இருக்கும்னு சொல்லியிருக்காங்க. நிச்சயதார்த்தத்தை அதுக்குள்ள முடிக்கணும்."

போடவில்லை.